பெரிய திரையும் சிறிய திரையும்



செபராங் பிறையின் தென்பகுதியில், நிபோங் திபால் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டப் பள்ளியில் நாம் ஆசிரியப் பணி செய்துவருகின்றோம். ஒரு நாள் மாலை, பள்ளி முடிந்து கதவைப் பூட்டும் வேளையில், செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். முகம் வாடியிருந்தது.

"வாத்தியாரே, பொண்ணு சாப்பிடாம அழுதுகிட்டு கிடக்கா. வேலைக்குப் போன எடத்துலே கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டாளாம். காசு கட்டச் சொல்லுவாங்களோ?" என்று கேட்டார்.

"கெட்டுப் போயிருக்காது அண்ணே. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வாங்க, பார்ப்போம்" என்றோம்.

அந்தப் பெண் எங்களிடம் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் தரச்சோதனைப் பிரிவில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்கள். வந்து உட்கார்ந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவள் மேசையில் இரண்டு திரைகள். ஒன்று பெரியது, அகலமானது. அதில் சிறு பாகங்களின் உருவம் பெரிதாகத் தெரியும். மற்றொன்று பழைய சதுர வாட்டத் திரை. அதில் குறைகளைப் பதியும் படிவம். பெரிய திரையிலிருந்து சிறியதற்குச் சுட்டியின் அம்பைக் கொண்டுபோகும்போது சில நேரம் அம்பு ஓரத்திலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. படிவத்தைப் பெரிய திரைக்கு இழுத்தால் எழுத்துகள் சிறுத்துவிடுகின்றன. திரும்பக் கொண்டுவந்தால் பெருத்துவிடுகின்றன. "நான் எதையோ அமுக்கிட்டேன் சார்" என்றாள்.

அவள் எதையும் அமுக்கவில்லை, எதுவும் கெடவுமில்லை. அளவு வேறான இரண்டு திரைகளை ஒரே கணினியில் பூட்டினால் இப்படித்தான் நடக்கும். ஏன் நடக்கிறது, எப்படிச் சரிசெய்வது என்பதே இன்றைய பேச்சு.

இது தொழிற்சாலைக்காரர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது நம் பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்தார்கள். அதன்பின் பல வீடுகளில் எப்படியோ ஒரு மடிக்கணினி வந்து சேர்ந்துவிட்டது. அலமாரி மேல் பழைய திரை ஒன்று தூசி படிந்து கிடக்கும். கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கவே இருக்கிறது. இவற்றைச் சேர்த்துப் பயன்படுத்த முடியுமானால் புதிதாக வாங்க வேண்டிய செலவு மிச்சம்தானே?

பினாங்குக்கும் திரைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்த காலத்தில், 1972ஆம் ஆண்டு, பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பாகம் பூட்டும் ஆலையைப் பினாங்கில்தான் தொடங்கியது. ஒளி உமிழும் சிறு டையோடுகளைச் செய்த லிட்ரோனிக்ஸ் போன்ற நிறுவனங்களும் அந்தத் தொடக்க காலத்திலேயே வந்தன. எல்.இ.டி. என்று இன்று சொல்கின்றோமே, அதுதான் அது. இன்றைய திரைகளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தருவதும் அந்த வகை விளக்கே. 1985இல் பாலம் திறக்கும்வரை பெருநிலத்துப் பெண்கள் பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறித் தீவுக்கு வேலைக்குப் போனார்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் இணைத்தார்கள். இன்று நுண்ணோக்கி பார்ப்பதைத் திரை காட்டுகிறது. தொழிலாளி திரையைப் பார்க்கிறார். கண்ணின் வேலை மட்டும் குறையவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். படம் காட்ட முடியாத வானொலியில் திரையைப் பற்றி விளக்குவது சற்றுச் சிரமந்தான். ஆகவே நேயர்கள் தோட்டத்தை மனக்கண்ணில் கொண்டுவர வேண்டுகின்றோம்.

கணினித் திரை என்பது வெறும் கண்ணாடியன்று. நிரை நிரையாக நட்ட தோட்டம் அது. மரங்களுக்குப் பதிலாக மிகச் சிறிய ஒளிப்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக நிறம் காட்டும். திரையின்மேல் 1920க்கு 1080 என்று எழுதியிருந்தால், குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 நிரைகள் என்று பொருள். இதைத்தான் கடைக்காரர்கள் ரெசொலூஷன் என்பார்கள். 24 அங்குலம், 27 அங்குலம் என்பது வேறு கணக்கு. அது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள நீளம். ஒன்று நிலத்தின் பரப்பு; மற்றொன்று அதில் நட்ட மரங்களின் எண்ணிக்கை.

இப்போது ஒன்று கேட்கின்றோம். ஓர் ஏக்கர் செம்பனையில் எத்தனை மரங்கள்? ஏறக்குறைய 55 முதல் 60 வரை. அதே ஏக்கரில் ரப்பர் நட்டால்? 160 முதல் 200 மரங்கள் நிற்கும். நிலம் ஒன்றுதான், நெருக்கம் வேறு. திரையும் அப்படியே. 19 அங்குலச் சதுர வாட்டத் திரையில் பெரும்பாலும் 1280க்கு 1024 புள்ளிகள் இருக்கும். நாடாவை வைத்து அளந்தால் அதன் அகலம் 15 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 1280ஐ அந்த அகலத்தால் வகுத்தால், ஓர் அங்குலத்தில் சுமார் 86 புள்ளிகள். அந்தப் பெண் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அவளுடைய பெரிய திரை 27 அங்குலம், 2560க்கு 1440 புள்ளிகள். அதன் அகலம் இருபத்து மூன்றரை அங்குலம். வகுத்தால் அங்குலத்துக்கு 109 வரும். சாதாரண 14 அங்குல மடிக்கணினியில் 1920 புள்ளிகளைப் பன்னிரண்டு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட அகலத்தில் அடைத்திருக்கிறார்கள், அங்குலத்துக்கு 157. சின்னத் திரையில்தான் நெருக்கம் அதிகம். இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

படிவத்தை வரையும்போது கணினி அங்குலத்தைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது புள்ளிக் கணக்கை மட்டுமே. "இந்தப் படிவம் 860 புள்ளி அகலம்" என்று அது வைத்துக்கொள்ளும். அந்த 860 புள்ளிகள் சதுரத் திரையில் 10 அங்குலம் பிடிக்கும். 27 அங்குலத் திரையில் 8 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். அந்த மடிக்கணினியிலோ ஐந்தரை அங்குலந்தான். நூறு மரத்தைச் செம்பனைக் காட்டில் எண்ணி முடிக்க எவ்வளவு நடக்க வேண்டும், ரப்பர் காட்டில் எவ்வளவு நடக்க வேண்டும்? அதே வேறுபாடுதான். எழுத்து சிறுத்ததற்கும் பெருத்ததற்கும் இதுவே காரணம்.

அம்பு முட்டிக்கொண்டு நின்றதற்குக் காரணம் இதைவிடச் சுவையானது. அன்று மாலை அதை விளக்கப் பள்ளியில் பெரிய திரை இல்லை. வரைதாளும் கத்தரிக்கோலும் இருந்தன. நூறு புள்ளிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்து இரண்டு தாள்களை வெட்டினோம். பெரிய திரைக்கு 25.6 சென்டிமீட்டர் அகலம், 14.4 உயரம். சதுரத் திரைக்கு 12.8 அகலம், 10.2 உயரம். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில், அடி சமமாக இருக்கும்படி வைத்தோம். நேயர்களும் வீட்டில் இப்படி வெட்டி வைத்துப் பார்க்கலாம்.

என்ன தெரிகிறது? பெரிய தாளின் மேற்பகுதி, நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அண்டையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறது. அந்த உயரத்திலிருந்து பக்கவாட்டில் போனால் வெறும் மேசைதான். அம்புக்கு அங்கே நிலம் கிடையாது. 1440இலிருந்து 1024ஐக் கழித்தால் 416. அந்த 416 நிரைகளின் ஓரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சுவர். அந்தப் பெண் விரலால் தாளின்மேல் கோடு இழுத்துப் பார்த்தாள். "மேலே போனா முட்டுது, கீழே இறங்கினா போவுது" என்று தானே சொன்னாள்.

அவளைக் குழப்பியது எது தெரியுமா? கண்ணால் பார்க்கும்போது அந்த இரண்டு திரைகளும் ஏறக்குறைய ஒரே உயரம். 27 அங்குல அகலத் திரையின் உயரம் சுமார் 33 சென்டிமீட்டர். 19 அங்குலச் சதுரத் திரையின் உயரம் 30 சென்டிமீட்டர். மேசைமேல் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் யார் கண்ணுக்குத் தெரியும்? ஆனால் கணினியின் கணக்கில் சிறிய திரை பெரியதில் ஏழு பங்குதான், பத்துக்கு ஏழு. நம் கண் அங்குலத்தைப் பார்க்கிறது. கணினி புள்ளியைப் பார்க்கிறது. இரண்டு பேரும் இரண்டு வேறு வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரே தோட்டத்தில் எல்லை பேசினால் சண்டை வராமல் என்ன செய்யும்?

சரிசெய்யும் வழி எளிது. விண்டோஸ் கணினியானால், திரையின் வெற்றிடத்தில் சுட்டியின் வலப் பொத்தானை அமுக்கி, டிஸ்பிளே செட்டிங்ஸ் என்பதைத் திறக்க வேண்டும். அங்கே 1, 2 என்று எண்ணிட்ட இரண்டு கட்டங்கள் தெரியும். நாம் வெட்டிய தாள்களேதான் அவை. புள்ளிக் கணக்கில் வரைந்தவை. அவற்றைச் சுட்டியால் பிடித்து இழுத்து, மேலே, கீழே, இடம், வலம் என்று எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். மேசையில் சிறிய திரை இடப்பக்கம் இருக்கக் கட்டத்தில் அது வலப்பக்கம் இருந்தால், அம்பு எதிர்த் திசையில் ஓடும். பலரை ஏமாற்றுவது இந்தச் சின்ன விஷயந்தான்.

சுவரை ஒழிக்க முடியாது, இடம் மாற்றலாம். மேல் ஓரத்தைச் சமமாக வைத்தால் சுவர் கீழே போய்விடும். நடுவில் வைத்தால் மேலே பாதி, கீழே பாதி. எந்த உயரத்தில் அதிகமாகக் கடந்துபோகின்றோமோ, அந்த இடத்தைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பொத்தான்களெல்லாம் படத்தின் மேற்பக்கம். ஆகவே மேல் ஓரம் சமம். மறுநாள் தன் மேற்பார்வையாளரிடம் கேட்டு அப்படியே மாற்றிக்கொண்டாள். கேட்பதற்குத்தான் துணிச்சல் தேவைப்பட்டதாம். மாற்றுவதற்கு ஒரு நிமிடங்கூட ஆகவில்லையாம். விண்டோஸ் 11இல், ஓரத்தில் முட்டும் அம்பைத் தானே அடுத்த திரைக்குத் தாண்டவைக்கும் வசதி ஒன்றும் அதே பக்கத்தில் இருக்கிறது.

அடுத்து, எழுத்தின் அளவு. அதே பக்கத்தில் ஸ்கேல் என்று ஒன்று உண்டு: 100 விழுக்காடு, 125, 150, 175 என்று. எழுத்தையும் படத்தையும் இத்தனை மடங்கு பெரிதாக வரை என்று கணினிக்கு இடும் கட்டளை அது. ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக இடலாம். எவ்வளவு இட வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு வகுத்தல் போதும். 109ஐ 86ஆல் வகுத்தால் ஒன்றேகால் வருகிறது. பெரிய திரைக்கு 125, சதுரத் திரைக்கு 100 என்று வைத்தால், படிவம் எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். மடிக்கணினியோடு சதுரத் திரையைப் பூட்டினால், 157ஐ 86ஆல் வகுக்க வேண்டும். 1.8 வரும். மடிக்கணினிக்கு 175 வைக்கலாம். ஆனால் அப்போது அந்தச் சின்னத் திரையில் இடம் மிகவும் குறைந்துவிடும் என்பதால் 150 போதும் என்பது நம் கருத்து. அளவு துல்லியமாகப் பொருந்தாவிட்டால் குற்றமில்லை. படிக்க முடிந்தால் சரி. இன்னொன்று, விண்டோசில் ஸ்கேலை மாற்றினாலும் அந்தச் சுவர் நகராது. சுவர் புள்ளிக் கணக்கைச் சேர்ந்தது.

இதற்கு ஒரு சிறு வரலாறு உண்டு. அளவு வேறான திரைகளை ஒரே மேசைப்பரப்பாகச் சேர்க்கும் வசதி ஆப்பிளின் மேக்கின்டோஷ் இரண்டாம் வகைக் கணினியில் 1987லேயே இருந்தது. விண்டோசுக்கு அது வந்தது 1998இல். ஒவ்வொரு திரைக்கும் வேறு ஸ்கேல் என்ற வசதியோ 2013இல் விண்டோஸ் 8.1 வந்தபோதுதான் கிடைத்தது. அதற்கு முன் எழுதிய பழைய மென்பொருள்களுக்கு இந்த வசதி புரியாது. அவற்றை ஒரு திரையிலிருந்து மற்றொன்றுக்கு இழுத்தால், விண்டோஸ் அவற்றைப் படமாகப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கும், எழுத்து மங்கலாகும். கண் மங்கிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அந்த மென்பொருளை மூடிவிட்டு மீண்டும் திறந்துபார்த்தால் சில வேளைகளில் சரியாகிவிடும்.

கடைகளில் சிலர் வேறு யோசனை சொல்வார்கள். "பெரிய திரையின் ரெசொலூஷனையும் குறைத்துவிடுங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும்" என்பார்கள். இதை நாம் ஏற்பதில்லை. பழைய குழாய்த் திரைகளில் மின்கதிர் வரைந்தது. கணக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது வரைந்துகொள்ளும். இன்றைய தட்டைத் திரைகளில் புள்ளிகள் நட்ட மரங்கள். 1366 புள்ளி உள்ள திரையில் 1024 புள்ளிப் படத்தைக் காட்டச் சொன்னால், ஒரு புள்ளியின் படத்தை ஒன்றும் மூன்றில் ஒன்றுமான மரத்தில் ஏற்ற வேண்டும். அது எப்படி முடியும்? பக்கத்துப் புள்ளிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிவிடும். ஓரங்கள் மங்கும். எந்தத் திரைக்கும் அதன் பிறவிக் கணக்கையே கொடுக்க வேண்டும். செட்டிங்ஸில் ரெக்கமெண்டட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் அதுதான்.

இந்தப் பாடத்தை நாம் படித்த விதம் பெருமைப்படும்படியானதன்று. அதையும் சொல்லிவிடுகின்றோம்.

2003ஆம் ஆண்டு கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோது, பள்ளிகளுக்கு மடிக்கணினிகளும் எல்.சி.டி. ஒளிவீச்சிகளும் வந்தன. திட்டம் பின்னர் கைவிடப்பட்டது, ஒளிவீச்சிகள் தங்கிவிட்டன. எங்களிடம் இருந்தது 1024க்கு 768 புள்ளி ஒளிவீச்சி. வெகு காலம் கழித்துப் புதிய மடிக்கணினி ஒன்று கிடைத்தது, 1920க்கு 1080. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டவணையைத் தட்டெழுதிச் சுவரில் காட்டினோம். மடிக்கணினியில் தெரிவதே சுவரிலும் தெரியட்டும் என்று டூப்ளிகேட் முறையில் வைத்திருந்தோம். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். ஏடுகளைத் திருத்த எடுத்தால், பாதிப் பேர் பால் என்பதைப் பால என்று எழுதியிருந்தார்கள். கண் என்பது கண ஆகியிருந்தது. மண் என்பது மண ஆகியிருந்தது. "புள்ளி வைக்க எத்தனை முறை சொல்லிக்கொடுத்தேன்?" என்று கடிந்துகொண்டோம். மூன்று பிள்ளைகளை இடைவேளைக்கு விடாமல் உட்கார வைத்து ஐம்பது முறை எழுத வைத்தோம்.

மறுவாரம் வேறு வேலையாக வகுப்பின் பின்வரிசையில் நின்றபோதுதான் சுவரைப் பார்த்தோம். புள்ளிகள் இல்லை. மடிக்கணினியில் கறுப்பாக, அழுத்தமாக இருந்த புள்ளிகள் சுவரில் இல்லவே இல்லை. 1920 புள்ளிப் படத்தை ஒளிவீச்சி தன் 1024 புள்ளிகளுக்குள் நசுக்கியிருந்தது. ஏறக்குறைய இரண்டு புள்ளிக்கு ஒன்று. தமிழில் மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கும் அந்தச் சின்னப் புள்ளி, சிறிய எழுத்தில் திரையின் இரண்டொரு ஒளிப்புள்ளிகளால் ஆனது. நசுக்கியதில் அது வெளிறிப் பின்னணியோடு கலந்துவிட்டது. பிள்ளைகள் கண்டதைத்தான் எழுதினார்கள். அன்று வகுப்பில் அந்த மூன்று பிள்ளைகளிடமும் தவறு எங்களுடையது என்று சொன்னோம். ஒருவன் மட்டும், "நான் அப்பவே சொன்னேனே சார், புள்ளி இல்லன்னு" என்றான். சொல்லியிருந்தான், நாம் கேட்கவில்லை.

ஆங்கில எழுத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களுக்கும் புள்ளி வைத்த எழுத்து உண்டு. புள்ளி விழுந்தாலும் சொல் மாறாது. தமிழில் புள்ளி விழுந்தால் சொல்லே மாறுகிறது. ஞ, ண, இ போன்ற எழுத்துகளின் உள்சுழிகளும் குறைந்த புள்ளிகளில் அடைத்துக்கொண்டு கறுப்பாகிவிடும். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1980களில் முரசு தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிளின் மேக் கணினிகளிலும் இடம்பெற்றது. அன்றைய திரைகளின் குறைந்த புள்ளிக் கணக்குக்குள் தமிழ் எழுத்தைத் தெளிவாக உட்கார வைக்க எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று, அந்த நாளுக்குப் பிறகுதான் நினைத்துப் பார்த்தோம். பிள்ளைகள் தமிழ் படிக்கும் திரையில் எழுத்தை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிட ஒரு படி பெரிதாக வைப்பது நல்லது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்வது இதுதான். விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் சேர்த்து அமுக்கினால் நான்கு வழிகள் தெரியும். அவற்றில் டூப்ளிகேட்டை விட்டு எக்ஸ்டெண்டைத் தேர்ந்தெடுக்கின்றோம். அப்போது சுவர் ஒரு தனித் திரை; மடிக்கணினி ஒரு தனித் திரை. ஒளிவீச்சிக்கு அதன் 1024க்கு 768ஐயே கொடுக்கின்றோம். பாடத்தைச் சுவர்த்திரைக்கு இழுத்துவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு முறை பின்வரிசை வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகின்றோம். டூப்ளிகேட் முறை அளவு ஒத்த திரைகளுக்குச் சரி. அளவு வேறானால் ஏதோ ஒரு திரை தன் பிறவிக் கணக்கை விட்டுக்கொடுக்க நேரும்.

இனி, வீட்டில் திரை சேர்க்க விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. ஜார்ஜ் டவுனில் லோரோங் கூலிட் காலைச் சந்தைக்குப் போனால் பழைய பொருள்களுக்கிடையே பழைய திரைகளும் கண்ணில் படும். விலை பேசுவதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீல நிறத்தில் பதினைந்து துளை உள்ள செருகுவாய் மட்டும் இருந்தால் அது வி.ஜி.ஏ., 1987இல் வந்த முறை. உங்கள் மடிக்கணினியில் இருப்பது பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. இரண்டையும் சேர்க்க மாற்றி ஒன்று வாங்க வேண்டும். இங்கேதான் பலர் காசைத் தொலைக்கிறார்கள். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவது ஒரு பொருள், வி.ஜி.ஏ.விலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு பொருள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. கணினி எது, திரை எது என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லி வாங்க வேண்டும். திரையில் டி.வி.ஐ. என்ற வெள்ளைச் செருகுவாய் இருந்தால் அதிர்ஷ்டந்தான், எச்.டி.எம்.ஐ.யோடு சேர்க்க எளிய கம்பியே போதும், படமும் தெளிவு. மடிக்கணினியின் பக்கவாட்டில் உள்ள சின்ன யூ.எஸ்.பி.-சி துளையை நம்பி வாங்க வேண்டாம், எல்லா யூ.எஸ்.பி.-சி துளையும் படத்தைக் கடத்துவதில்லை. வி.ஜி.ஏ.வில் பூட்டியபின் படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ எழுத்து நடுங்கினாலோ, திரையின் கீழே உள்ள ஆட்டோ பொத்தானை ஒருமுறை அமுக்குங்கள். அது தானாக நேராகிவிடும்.

தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாக்கலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஆக்கலாம். ஆனால் 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது 1366க்கு 768 புள்ளிகள்தாம், அங்குலத்துக்கு 49. செம்பனையைவிடத் தூரம் தூரமாக நட்டது போல! தள்ளி உட்கார்ந்து ஆசிரியரின் காணொளியைப் பார்க்க நன்றாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கட்டுரை எழுதினால் எழுத்து சொரசொரப்பாகத் தெரியும். ஆகவே காணொளி தொலைக்காட்சியில், எழுத்து வேலை மடிக்கணினியில் என்று பிரித்துக்கொள்வது மேல். பெட்டியில் ஓரங்கள் வெட்டுப்பட்டால் அதன் படவமைப்பில் ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஜஸ்ட் ஸ்கேன் என்ற பெயரில் ஒன்று இருக்கும். அதைப் போட்டால் முழுப் படமும் வரும்.

வைக்கும் முறை பற்றியும் கேட்டிருந்தார்கள். அதிக நேரம் பார்க்கும் திரை முகத்துக்கு நேராக இருக்கட்டும். இரண்டாவது திரை பக்கத்தில், சற்று உள்நோக்கித் திரும்பி இருக்கட்டும். இரண்டின் மேல் ஓரமும் கண் மட்டத்தில் ஒத்து நிற்கும்படி, தாழ்ந்ததன் அடியில் பழைய அகராதியோ பலகையோ வைக்கலாம். பழைய திரை மங்கி மஞ்சளித்திருக்கும்; புதியதன் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து அதனோடு சேர்த்துக்கொண்டால், கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய் வரும்போது கூசாது. ஒரு நாள் முழுவதும் கழுத்தை ஒரே பக்கம் திருப்பி உட்கார்ந்தவர்களுக்கு அதன் வலி தெரியும். பால் வெட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம் முடிந்து வேலை நிரந்தரமாயிற்று. இப்போது அவள் பிரிவில் புதிதாக வருகிறவர்களுக்குத் திரையைக் காட்டிக்கொடுப்பது அவள்தான். நாம் வெட்டிக்கொடுத்த அந்த இரண்டு தாள்களையும் அன்று கையோடு எடுத்துப்போனாள்.